விதியா? பாதுகாப்பா? – விமானி எதைப் பார்க்க வேண்டும்?



போன வாரம் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் பட்டிமன்றம் நடந்தது. "ஆபத்து நேரத்தில் விமானி பார்க்க வேண்டியது விதியையா, பாதுகாப்பையா?" என்பது தலைப்பு. விதிதான் என்று நான்கு பேர், பாதுகாப்புதான் என்று நான்கு பேர். சத்தம் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டது. நடுவர் தீர்ப்பு சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அதனால் அதே தலைப்பை இந்த சுவர்ப் பத்திரிகையில் ஒரு பாடமாக எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் தீர்ப்பு சொல்லுங்கள்.

"நம்ம ஊருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? மேலே சத்தம் கேட்டா அண்ணாந்து பார்க்கிறதோட சரி" என்று சிலர் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. பெரியாஸ்பத்திரியின் பெயர்

மாரமங்கலத்தில் யாருக்காவது உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகிறோம். அதன் முழுப்பெயர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெயரைப் படித்திருப்போம். யார் அந்த மோகன் குமாரமங்கலம் என்று கேட்டிருக்க மாட்டோம்.

அவர் 1916-இல் பிறந்தவர். அவருடைய அப்பா டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். அவர்களுடைய குடும்பத்துக்கு திருச்செங்கோடு பக்கத்தில் உள்ள குமாரமங்கலம்தான் ஊர். அப்போது அது சேலம் மாவட்டம், இப்போது நாமக்கல் மாவட்டம். மோகன் குமாரமங்கலம் வக்கீலுக்குப் படித்தார். 1971-இல் பாண்டிச்சேரியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சர் ஆனார்.

1973 மே 31. அன்று அவர் சென்னையிலிருந்து டெல்லிக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் 440 என்ற விமானத்தில் போனார். அது ஒரு போயிங் 737. உள்ளே பயணிகள் 58 பேர், ஊழியர்கள் 7 பேர், மொத்தம் 65 பேர். டெல்லி பாலம் விமான நிலையத்தில் இறங்குவதற்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது விமானம் விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். அதில் மோகன் குமாரமங்கலமும் ஒருவர். அவருக்கு வயது 56. பஞ்சாப் முன்னாள் முதலமைச்சர் குர்னாம் சிங்கும் அதே விமானத்தில் இறந்தார். 17 பேர் உயிர் பிழைத்தார்கள்.

இன்ஜின் கெட்டுப்போகவில்லை. இறக்கை உடையவில்லை. பிறகு ஏன் விழுந்தது? அங்கேதான் நம்முடைய பட்டிமன்றத் தலைப்பு வருகிறது.

2. அந்த இரவு என்ன நடந்தது?

அது இரவு நேரம். டெல்லியில் கோடைக்காலத்தில் புழுதிப்புயல் அடிக்கும். அன்றும் அப்படித்தான். ஓடுதளம் கண்ணுக்குத் தெரியவில்லை.

கண் தெரியாதபோது விமானம் எப்படி இறங்கும்? தரையில் ஒரு வானொலிக் கருவி இருக்கும். அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். விமானத்தில் உள்ள முள் அந்தப் பக்கம் திரும்பும். அன்று பயன்படுத்தியது அந்த மாதிரி பழைய வகைக் கருவி. அது எந்தத் திசையில் போக வேண்டும் என்று மட்டும்தான் காட்டும். எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று காட்டாது. உயரத்தை விமானிதான் உயரமானியைப் பார்த்து கவனித்துக்கொள்ள வேண்டும்.

இதற்காக ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஓடுதளத்துக்கும் "இதற்குக் கீழே இறங்காதே" என்று ஓர் உயரம் குறித்து வைத்திருப்பார்கள். அந்த உயரம் வரைக்கும் இறங்கலாம். அங்கே நின்று பார்க்கிற மாதிரி, அதே உயரத்தில் பறந்துகொண்டே ஓடுதள விளக்கு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் ஒரு அடிகூட கீழே போகக் கூடாது. மறுபடியும் மேலே ஏறிவிட வேண்டும். திரும்பச் சுற்றி வந்து பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு ஊர் விமான நிலையத்துக்குப் போகலாம்.

அன்று தலைமை விமானி ஓடுதளத்தைப் பார்க்காமலேயே அந்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார். விமானம் உயரழுத்த மின்கம்பியில் மோதியது. விசாரணையில் சொன்ன காரணமும் இதுதான்.

3. அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

பாதுகாப்பு அணியில் பேசிய ஒரு தோழி, "விதிங்கிறது புத்தகத்தில் இருக்கிற எழுத்து. விமானி கண்ணால பார்க்கிறதுதான் உண்மை" என்று சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் டெல்லி விமானத்தை வைத்து யோசித்துப் பாருங்கள்.

அந்தக் குறைந்தபட்ச உயரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஓடுதளத்தைச் சுற்றியுள்ள இடத்தை அளக்கிறார்கள். எங்கே மரம், எங்கே கட்டடம், எங்கே கோபுரம், எங்கே மின்கம்பி, எங்கே குன்று என்று பார்க்கிறார்கள். எல்லாவற்றிலும் உயரமானதை எடுத்து, அதற்கு மேலே பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு எண்ணை எழுதுகிறார்கள். அப்படியென்றால் அந்த எண்ணுக்குள்ளேயே மரமும் கம்பியும் அடங்கியிருக்கிறது. புழுதியில் விமானியின் கண்ணுக்குத் தெரியாத கம்பியை, பகல் வெளிச்சத்தில் நிதானமாக யாரோ அளந்து பார்த்து அவருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். கண் தெரியாத நேரத்தில் விதிதான் விமானியின் கண்.

விதிகள் இன்னொரு வழியிலும் பிறக்கின்றன. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் வானத்திலேயே மோதிக்கொண்டன. சவூதி விமானம் 14,000 அடியில் வந்தது. கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியில் இருக்கும்படி சொல்லியிருந்தார்கள். அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எதிரே விமானம் வந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயம் வேண்டும் என்று இந்தியாவில் விதி போட்டார்கள். யாரோ இறந்த பிறகு, அடுத்தவர் இறக்கக் கூடாது என்று எழுதியதுதான் அந்த விதி.

4. "மேலே ஏறிடலாம்" என்று சொன்னவர்கள்

விதி தெரியாததால் விபத்து நடக்கிறதா? பெரும்பாலும் இல்லை. தெரிந்தேதான் நடக்கிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். மங்களூர் விமான நிலையம் குன்றின் மேல் இருக்கிறது. ஓடுதளம் மேசை மாதிரி, முடிகிற இடத்தில் பள்ளம். நம்ம ஊரில் மலை விளிம்பில் இருக்கிற வயலை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். தலைமை விமானி 10,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டியவர். வழியில் ரொம்ப நேரம் தூங்கிவிட்டார். விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில், மிக வேகமாக வந்தது. துணை விமானி "கோ அரவுண்ட்" என்று மூன்று முறை சொன்னார். இறங்காமல் மேலே ஏறிவிடுங்கள் என்று அர்த்தம். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. தலைமை விமானி கேட்கவில்லை. சுமார் 2,450 மீட்டர் நீள ஓடுதளத்தில் ஏறக்குறைய 1,600 மீட்டர் தாண்டிய பிறகுதான் சக்கரம் தரையில் பட்டது. அதற்கப்புறம் மறுபடி மேலே கிளம்பப் பார்த்தார், அதுவும் விதிப்படி கூடாது. விமானம் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள்.

2020 ஆகஸ்ட் 7. கொரோனா காலம். துபாயிலிருந்து கோழிக்கோடு வந்த விமானம். அதுவும் மேசை மாதிரி ஓடுதளம்தான். நல்ல மழை. முதல் தடவை இறங்க வந்தபோது விமானி சரியாக மேலே ஏறிவிட்டார். இரண்டாவது தடவை பின்பக்கமிருந்து காற்று தள்ளியது. விமானம் பாதி ஓடுதளம் தாண்டித்தான் தரையைத் தொட்டது. துணை விமானி "கோ அரவுண்ட்" சொன்னார். நடக்கவில்லை. விமானிகள் இரண்டு பேரையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் இருக்கிறது. தலைமை விமானிக்கு மறுநாள் காலையில் கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானம் ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் அன்றிரவே அங்கே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கிறது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஒரு தடவை சரியாகச் செய்தவர்தான். "போய்ச் சேர்ந்துடலாம்" என்ற நினைப்பு அவ்வளவு பலமானது.

இன்னொன்றும் கவனியுங்கள். விமானத்தில் எரிபொருள் நிரப்பும்போதே, இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போவதற்கும் சேர்த்துத்தான் நிரப்புகிறார்கள். அதாவது திரும்பிப் போவது என்பது முன்னாடியே திட்டத்தில் இருப்பது. அது விமானியின் தோல்வி இல்லை. மேலே ஏறியதற்காக விமானியை தண்டிக்க மாட்டோம் என்று பல விமான நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன.

5. விதியை மீறச் சொல்லும் விதி

இதுவரை படித்தால் விதி அணிதான் ஜெயித்தது என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளிலேயே ஒன்று உண்டு. விமானத்தின் பொறுப்பு முழுக்க தலைமை விமானிக்கு. பாதுகாப்புக்கு வேறு வழியே இல்லை என்கிற நிலை வந்தால் அவர் விதியிலிருந்து விலகலாம். விதி எழுதினவர்களுக்கே, எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது என்று தெரிந்திருக்கிறது!

2009 ஜனவரி 15, அமெரிக்காவில் நியூயார்க். ஒரு விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பெரிய வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்தது. அப்போது உயரம் 3,000 அடிக்கும் குறைவு. நம் ஏற்காடே ஏறக்குறைய 5,000 அடி, யோசித்துப் பாருங்கள். இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. ஆனால் அது ரொம்ப உயரத்தில் பறக்கும்போது நடந்தால் செய்வதற்காக எழுதியது, பக்கம் பக்கமாக இருந்தது. அவர்களுக்கு இருந்த நேரமோ சுமார் மூன்றரை நிமிடம். தலைமை விமானி சல்லன்பெர்கர், பட்டியலில் அந்த இடம் வரும் வரை காத்திருக்காமல், மின்சாரம் கொடுக்கும் சிறு இன்ஜினை முதலிலேயே போட்டார். துணை விமானி பட்டியலைப் பார்த்து முடிந்தவரை செய்துகொண்டே இருந்தார். கட்டுப்பாட்டு அறை, விமான நிலையத்துக்குத் திரும்பி வரலாம் என்று வழி சொன்னது. அவ்வளவு தூரம் எட்டாது என்று முடிவு செய்து, ஹட்சன் ஆற்றிலேயே விமானத்தை இறக்கினார். 155 பேரும் உயிரோடு வந்தார்கள்.

அவரைப் பாராட்டியதோடு விட்டுவிடவில்லை. நீங்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று விசாரித்தார்கள். அதே மாதிரி நிலைமையை செயற்கைக் கருவியில் உருவாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, திரும்பியிருந்தால் எட்டியிருக்காது என்று தெரிந்தது. அவர் முடிவு சரி என்று எழுதினார்கள். விதியிலிருந்து விலகினால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

6. இரண்டு மீறலுக்கும் என்ன வித்தியாசம்?

டெல்லியிலும் விதி மீறப்பட்டது. நியூயார்க்கிலும் பட்டியலிலிருந்து விலகினார்கள். ஒன்றில் 48 பேர் இறந்தார்கள், ஒன்றில் எல்லோரும் பிழைத்தார்கள். அதிர்ஷ்டம்தானா? நான் நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

அ) டெல்லி, மங்களூர், கோழிக்கோடு: விதிப்படி செய்திருந்தால் ஆபத்து இல்லை. நேரம்தான் ஆகியிருக்கும். மேலே ஏறினால் போதும்.
நியூயார்க்: அந்தப் பட்டியலை வரிசையாக முழுக்கச் செய்ய நேரமே இல்லை.

ஆ) டெல்லி, மங்களூர், கோழிக்கோடு: விதியை விட்டது இறங்கி முடிப்பதற்காக.
நியூயார்க்: விதியை விட்டது உயிரைக் காப்பாற்றுவதற்காக.

இ) மங்களூர், கோழிக்கோடு: பக்கத்தில் இருந்தவர் வேண்டாம் என்றார், கேட்கப்படவில்லை.
நியூயார்க்: இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டு செய்தார்கள். "வேறு ஏதாவது யோசனை இருக்கா?" என்று தலைமை விமானி துணை விமானியைக் கேட்டிருக்கிறார்.

7. நம் மலைப்பாதையில்

என் மாமா பிக்கப் வண்டி ஓட்டுகிறார். காபி, மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போவார். நான் எழுதினதை அவரிடம் படித்துக் காட்டினேன். "பனி இறங்கி கண்ணு தெரியலன்னா நீங்க என்ன மாமா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"வளைவு தாண்டி ஓரமா அகலம் இருக்கிற இடத்துல நிறுத்தி, லைட்டை மினுக்க விட்டுருவேன். மூட்டை லேட்டாப் போனா திட்டு வாங்கிக்கலாம் கண்ணு. பள்ளத்துக்குள்ள போனா யாருகிட்ட திட்டு வாங்குறது?" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மலைப்பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது சாலை விதி. ஒருநாள் மாமா ஏறி வரும்போது எதிரே பாரத்தோடு ஒரு லாரி இறங்கி வந்தது. பிரேக் சூடாகி வாடை அடித்ததாம். விதிப்படி மாமாவுக்குத்தான் முதல் வழி. ஆனால் அவர் உடனே ஓரம் ஒதுங்கி, லாரிக்கு வழிவிட்டார். "அந்த நேரத்துல எனக்குத்தான் வழின்னு சட்டம் பேசிட்டு நிக்க முடியுமா?" என்றார்.

பாருங்கள், ஒரே மனிதர். பனியில் விதியை விடவில்லை. லாரி வந்தபோது தன் உரிமையை விட்டுக் கொடுத்தார். இரண்டு தடவையும் வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் போயிருக்கும்.

"பழகின ரோடு, கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். மங்களூர் விமானிக்கும் அது புது ஓடுதளம் இல்லை. ரோடு பழகினதுதான், ஆனால் இன்றைக்கு இறங்கின பனியும் எதிரே வருகிற லாரியும் பழகினது இல்லை.

8. என் தீர்ப்பு

பட்டிமன்றத் தலைப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. விதியும் பாதுகாப்பும் எதிரிகள் மாதிரி நிறுத்திவிட்டோம். விதிக்கு எதிராக நிற்பது பெரும்பாலும் அவசரம்தான், ஆனால் அது பாதுகாப்பு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. எனவே விதியை விடலாமா என்று தோன்றும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து:

1. விதிப்படி செய்தால் உயிருக்கு ஆபத்தா, நேரம்தான் வீணாகுமா?
2. பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார்?
3. நாளைக்கு நாலு பேர் முன்னால் இதற்குக் காரணம் சொல்ல முடியுமா?

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் விதியை விடலாம். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் மேலே ஏறிவிடுங்கள்!

இரண்டாவது கேள்வி நம் எல்லாருக்கும் உரியது. நாம் ஓட்டுநர் இல்லை, பக்கத்தில் உட்காருபவர்கள். ஜீப்பிலும் வேனிலும் போகும்போது பயம் வந்தாலும், பெரியவர்களை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொள்கிறோம். மங்களூர் துணை விமானி மூன்று முறை சொல்லியிருக்கிறார். நாம் ஒரு முறையாவது "அண்ணா, ஒண்ணும் தெரியல, கொஞ்சம் நிறுத்துங்கண்ணா" என்று சொல்லலாமே. விளையாட்டுப் போட்டிக்கு நாம் வேனில் சேலம் இறங்கும்போது, முன் சீட்டில் உட்காரும் இரண்டு பேருக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொன்னால் வண்டி நிற்க வேண்டும், ஏன் சொன்னாய் என்று யாரும் திட்டக் கூடாது.

யோசித்து விடை எழுதுங்கள்

1. குறைந்தபட்ச இறங்கு உயரத்தை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?
2. கோழிக்கோடு விமானி முதல் தடவை செய்ததை இரண்டாவது தடவை ஏன் செய்யவில்லை என்று நினைக்கிறீர்கள்?
3. உங்கள் வீட்டில், தோட்டத்தில், ரோட்டில் உள்ள ஒரு விதியை எழுதி, அது எதனால் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வரும் நல்ல விடைகளை அடுத்த தாளில் எழுதுவோம். பேப்பரை ஒன்பதாம் வகுப்புத் தலைவியிடம் கொடுக்கவும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மாரமங்கலம், ஏற்காடு ஒன்றியம்.